பத்து வருடத்தில் எத்தனை விடுவீர்கள்

மதிவதனியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களுக்கு இன்னும் பத்து வருஷம்தான்னு வெச்சுக்குங்க, அதுல எத்தனை வருஷத்தை விட்டுக்கொடுப்பீங்க?" என்று கேட்பது அவள் வேலை. என் வேலையும் அதுவேதான். என் பெயர் கமலம், பூந்தமல்லிக்காரி. முதல் தடவை இதை என் தங்கச்சியிடம் சொன்னபோது, "தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "நீ சீரியல பாத்து மூக்கச் சிந்துறியே, அது மட்டும் பொழப்பா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க எனக்கு வராது. இரண்டு வருடமாகியும் பழகவில்லை.

விஷயம் இதுதான். அரசாங்கத்திடம் இருக்கும் நிதி ஓர் அளவு, ஊரில் இருக்கும் நோய் ஆயிரம். ஒரு மருந்து உயிரைக் காப்பாற்றுகிறது, இன்னொரு மருந்து முட்டிவலியைக் குறைக்கிறது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? அதற்குப் படித்தவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நோய்நொடி இல்லாமல் வாழும் ஒரு வருடத்துக்கு மதிப்பு ஒன்று. செத்துப்போனால் பூஜ்யம். மற்ற எல்லா நோயும் இடையில் எங்கேயோ. அது எங்கே என்று டாக்டர் சொல்லக் கூடாதாம், ஜனங்கள்தான் சொல்ல வேண்டுமாம். ஜனங்களிடம் கேட்டு வர ஓர் ஆராய்ச்சி நிறுவனம் எங்களைப் போல எட்டுப் பேரை வேலைக்கு எடுத்தது. ஆளுக்குக் கேள்விகள் ஏற்றிய ஒரு டேப்லெட், சுருக்கமாக டேப், ஒரு அடையாள அட்டை, ஒரு பை.

டேப்பில் ஒரு கார்டு வரும். அதில் ஒரு நோயாளியின் நிலை ஐந்தே வரியில் இருக்கும்: நடமாட்டம் எப்படி, தானாகக் குளிக்க உடுத்த முடியுமா, அன்றாட வேலை, வலி, கவலை. பெயர் கிடையாது, வயது கிடையாது. அந்த நிலையில் பத்து வருடம் வாழ்ந்துவிட்டுச் சாவது பி வாழ்க்கை. முழு ஆரோக்கியத்தோடு, ஆனால் குறைவான வருடம் வாழ்ந்துவிட்டுச் சாவது ஏ வாழ்க்கை. எது வேண்டும்? ஏ-யின் வருடத்தைக் கூட்டிக் குறைத்துக் கேட்டுக்கொண்டே போவோம். 'ஏழு வருஷம்னா ரெண்டும் ஒண்ணுதான்' என்று அவர்கள் சொன்னால் அந்த நோய்க்கு மதிப்பு பூஜ்யம் புள்ளி ஏழு. சிலர், 'இப்படிக் கிடக்கிறதுக்கு இப்பவே போயிடலாம்' என்பார்கள். அப்போது மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும். மைனஸ் போயிடுச்சு என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

அம்பத்தூரில் ஒரு ஆட்டோ ஸ்டாண்டில் தசரதன் என்று ஒருவர், கேள்வி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னாமா, எமன் ஆபீஸ்லேர்ந்து சர்வே எடுக்க வந்துகினியா?" என்றார். ஸ்டாண்டே சிரித்தது. இன்னோர் இடத்தில், "வெளக்கேத்துற நேரத்துல ஊட்டு வாசல்ல நின்னுகினு எழவப் பேசுறியா?" என்று ஒரு அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டார். எனக்கும் கோபம் வந்தது. மதிதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "அவங்க சொல்றதும் சரிதானேக்கா, பயப்படுறாங்க" என்றாள்.

எங்கள் எட்டுப் பேரில் அவள்தான் கெட்டிக்காரி. எதிரே இருப்பவர் தரையில் உட்கார்ந்தால் அவளும் தரையில் உட்காருவாள். அவர்கள் அழுதால் சும்மா இருப்பாள், 'ஐயோ பாவம்' என்று ஒரு வார்த்தை வராது. மேற்பார்வை பார்க்கும் ராகவன் சார், கேள்வியை மாற்றக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது, சொந்தக்காரர்களைப் பேட்டி எடுக்கவே கூடாது என்று மூன்று சட்டம் போட்டிருந்தார். மூன்றையும் பிசகாமல் செய்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் அப்பா மதுரைவீரனும் அம்மாவும் குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நிலமெல்லாம் பிளாட் ஆனபிறகு அப்பா அம்பத்தூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஆனார். மகளை பி.காம். படிக்க வைத்தார். அத்தை மகன் இளங்கோவுக்கே கட்டிக்கொடுத்தார். இளங்கோ அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கார் கதவுக்குப் போகும் கீலை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கேஜ் என்ற அளவுக்கருவியை வைத்து அளந்து, பாஸ், ரிஜெக்ட் என்று பிரித்துப்போடுகிற வேலை. மனுஷன் அதில் புலி. ஒரு பெட்டியில் எல்லாமே பாஸ் என்று வந்தால் சந்தோஷப்பட மாட்டாராம், கேஜில் கோளாறு இருக்கும் என்று மறுபடி அளப்பாராம். "எங்க ஊட்ல சாம்பாருக்குக்கூட ரிஜெக்ட் உண்டுக்கா" என்று மதி சிரிப்பாள். குழந்தை இல்லை. பருத்திப்பட்டில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், இரண்டு அறை வாடகை வீடு. சாயங்காலம் இருவரும் ஏரியைச் சுற்றி நடப்பார்கள். வேறு ஆடம்பரம் ஒன்றும் கிடையாது.

போன ஆடி மாதம் ஷிப்டில் நின்றுகொண்டிருந்தவரின் இடது கையிலிருந்து கேஜ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வயது நாற்பத்து மூன்று. ஒன்பது நாள் ஐ.சி.யூ., நாற்பது நாள் வார்டு. உயிர் பிழைத்தது, பேச்சும் போகவில்லை, இடது கையும் காலும் திரும்பவில்லை. பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைப்பார். குளிப்பாட்ட வேண்டும், வேட்டி கட்டிவிட வேண்டும், கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எல்லாம் மதிதான்.

மூன்று மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். காலை ஒன்பதிலிருந்து நாலு மணிவரை அவர் தனி. பக்கத்து வீட்டுக்காரர் குணசேகரன் மதியம் வந்து சாப்பாடு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். மதி பழையபடிதான் இருந்தாள், ஒரே ஒரு கார்டு வரும்போது தவிர. நடக்க மிகுந்த சிரமம், தானாகக் குளிக்கவோ உடுத்தவோ முடியாது, வழக்கமான வேலை எதுவும் செய்ய முடியாது, ஓரளவு வலி, மிக அதிகமான கவலை. அது வந்தால் அவள் குரல் லேசாகக் கம்மும். ராகவன் சாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை ஆவடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நானும் அவளும் ஜோடியாகப் போனோம். நிவேதிதா என்று ஒரு பெண், கோயம்புத்தூர்ப் பக்கம், ஐ.டி. வேலை. நல்ல பெண், உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். அந்தக் கார்டு வந்தது. நிவேதிதா ஒரே பார்வைதான் பார்த்தாள்.

"இப்படிப் பத்து வருஷமா? சான்ஸே இல்லைங்க. நமக்கும் கஷ்டம், பாத்துக்கிறவங்களுக்கும் கஷ்டம். ஏ போட்டுக்குங்க. இப்பவே போயிடலாம்."

மதி ஏ-யை அழுத்தினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மீதிக் கேள்வி எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள், மோருக்கு நன்றி சொன்னாள், வெளியே வந்தாள், மூன்றாவது மாடிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு தப்பா ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள். "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. போன மாசம் சார் சராசரி காட்டுனாரே, அந்தக் கார்டு மைனஸ்ல கீது. நான் எழுந்து கேட்டேன் ஞாபகம் கீதா, 'சார், இது அந்த ஆளோட மதிப்பா'ன்னு? 'இல்லம்மா, அந்த நிலைமையோட மதிப்பு, ஆளுக்கு நாம மதிப்புப் போடுறதில்ல'ன்னாரு. நானும் அதத்தான் நெனச்சிகினு இருந்தேன். ஆனா அவரே தனக்கு மைனஸ் போட்டுகினா?"

"இன்னாடி சொல்ற?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "பத்து நாளா எனக்கு ஒண்ணொண்ணா சொல்லித் தர்றாருக்கா. போன்ல காஸ் எப்டி புக் பண்றது, கரண்ட் பில் எப்டி கட்றது, போனோட பேட்டர்ன் இன்னா, வாடகைப் பத்திரமெல்லாம் எந்தப் பையில கீதுன்னு. நேத்து, குடும்பத் தலைவர் பேர மாத்தணும்னா ரேஷன் கார்ட எங்க குடுக்கணும்னு சொன்னாரு. சொல்லிட்டு சிரிக்கிறாருக்கா. எட்டு மாசமா சிரிக்காதவரு இப்ப சிரிக்கிறாரு. எனக்கு அதான் பயமா கீது."

படி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நேரா கேட்டுற வேண்டியதுதான?"

"எப்டிக்கா கேக்கறது? எங்க ஊட்ல அந்த வார்த்தைய எடுக்கக் கூடாது. பேஷன்ட் இருக்கற ஊட்ல சாவுன்னு வாயில வந்தா, அது ஊட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும்னு எங்கம்மா சொல்லும். அவருக்கும் தெரியும். அவரும் எடுக்க மாட்டாரு. ரெண்டு பேரும் அதச் சுத்தி நடந்துகினு கீறோம்." ஊரில் நானூறு பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவள் இப்படிச் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். "நீ வந்து கேளுக்கா. சர்வேன்னு சொல்லி. அவரு கார்டையே வெச்சுக் கேளு. எத்தினி வருஷத்த விடுறாருன்னு பாக்கலாம். ரெண்டு மூணுன்னா பரவால்ல. மைனஸ் போனா..." முடிக்கவில்லை.

நான் திட்டினேன். அந்தக் கேள்வி ஆயிரம் பேரிடம் கேட்டு ஒரு சராசரி எடுப்பதற்கு. ஒரு மனுஷன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு இல்லை. வயிற்றுவலிக்காரனின் உயரத்தை அளந்து பார்க்கிற வேலை இது. டாக்டரிடம் போ என்று எவ்வளவோ சொன்னேன். "மொத தெரியட்டும்க்கா, அப்பறம் போறேன்" என்றாள். இரண்டு வருடமாக அந்த டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் எங்களுக்கும் அதன்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. மனுஷர்கள் வாயால் மறைப்பதை அது பிடுங்கிவிடும் என்று நினைத்துவிட்டோம். சரி என்று சொன்ன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டேப்பில் பயிற்சிக்கு என்று ஒரு பகுதி உண்டு. அதில் எடுத்தால் பதில் எங்கேயும் போகாது, எந்தக் கார்டு வேண்டுமோ நாமே தேர்ந்தெடுக்கலாம். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அதை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனேன். அன்றைக்கு லீவு போட்டிருந்த மதி கதவைத் திறந்துவிட்டு, "அக்கா, நீ பேசிகினு இரு, நான் பாத்திரம் கழுவிட்டு வர்றேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

இளங்கோ கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். இடது கை ஒரு தலையணை மேல் கிடந்தது.

"வா கமலக்கா. ஊட்டுக்கு ஊடு போய் பீதிய கெளப்புறீங்களே, இன்னிக்கு என் டர்னா?"

"ஆமாம்பா. ஆள் கெடைக்கல. ஒரு கை கொறையுது, நீ உதவி பண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

முதலில் அவருடைய சொந்த உடம்பைப் பற்றி ஐந்து கேள்வி. நடமாட்டம், குளியல், வேலை, வலி, எல்லாவற்றுக்கும் பொருளை அளக்கிற மாதிரி சரியாகச் சொன்னார். வலிக்கு மட்டும், "ராவுல ஜாஸ்தி, பகல்ல கம்மி, நடுவுல போட்டுக்க" என்றார். ஐந்தாவது கவலை, மனச்சோர்வு. "இல்லன்னு போடு" என்றார். கட்டிலில் இருக்கிற ஆள், எட்டு மாதமாகத் தானாக வெளியே போகாத ஆள், கவலை இல்லை என்கிறார். எனக்குப் பயம் அங்கேதான் தொடங்கியது. இருந்தாலும் போட்டேன்.

கார்டைத் திறந்து காட்டினேன். ஐந்து வரியையும் படித்துவிட்டு அவர் சிரித்தார். மதி சொன்ன சிரிப்பு அதுதான் என்று தெரிந்தது.

"இன்னாக்கா இது, என் ஜாதகமா?"

"நெறய கார்டு கீது தம்பி, இது ஒண்ணு." குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. "ஏ-ன்னா முழு ஆரோக்கியமா பத்து வருஷம். பி-ன்னா இந்தக் கார்டுல இருக்கற மாதிரி பத்து வருஷம். எது?"

"ஏ. பச்சப்புள்ளகூட சொல்லும்."

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். நானூறு முறை கேட்டது. டேப்பில் ஏ-யின் வருடம் பத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அன்றைக்கு அதை டேப்பைப் பார்த்தே படித்தேன்.

"ஏ-ன்னா... ஏ-ன்னா இப்பவே உயிர் போறது. பி-ன்னா இந்தக் கார்டு மாதிரியே பத்து வருஷம் இருக்கறது. எது?"

சமையலறையில் குழாய் நின்றது.

இளங்கோ வலது கையால் டேப்பை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, ஐந்து வரியையும் மறுபடி படித்தார். ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார், எந்த வரி என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் தண்ணீர் கேன் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். டேப்பை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஏ" என்றார்.

முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது சட்டம். என் முகம் என்ன காட்டியதோ ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கேள்வியை மாற்றக் கூடாது, ஒரு வார்த்தைகூடச் சேர்க்கக் கூடாது என்பதும் சட்டம். அதையும் மீறினேன். "கொஞ்சம் யோசிச்சு சொல்லுப்பா" என்றேன், கெஞ்சுகிற குரலில்.

"யோசிக்காமயா சொல்றேன்? எட்டு மாசமா இத்தத்தான யோசிச்சுகினு கீறேன்."

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் விழுந்தது. மதி ஈரக் கையோடு வந்து நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"யோவ், இன்னாய்யா சொன்ன?" கல்யாணமான நாளிலிருந்து 'மாமா' என்று தவிர அவள் அவரை வேறு மாதிரிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இன்னா சொன்ன நீ? இன்னொரு தபா சொல்லு பாக்கலாம்!"

அவர் பதறவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நிதானமாகச் சொன்னார். "நீ உள்ளதான் கீறேன்னு தெரியும். குழாய நிறுத்துனியே. நீதான கேக்கச் சொன்ன? கேட்டுகின. மதி, ஒனக்கு இடுப்பு போச்சு. ராவுல நீ திரும்பிப் படுக்கறப்போ முனகறது எனக்குக் கேக்குது. ஒனக்கு இப்ப முப்பத்தி எட்டு. நான் போனா ஒனக்குப் பத்து வருஷம் மிச்சம். இவங்க கணக்குதான் இது, நான் ஒண்ணும் புதுசா கண்டுபுடிக்கல."

எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு. அதுவரை அந்த வீட்டில் யாரும் எடுக்காத வார்த்தையைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து கட்டில்மேல் கொட்டியவள் நான். இனி அவரை இன்றைக்கு ஒரு நிமிஷம் தனியாக விட முடியுமா? நாளைக்கு?

மதி என் எதிரே தரையில் உட்கார்ந்தாள், பேட்டி கொடுப்பவர்கள் உட்காருகிற இடத்தில்.

"அக்கா, எனக்குக் கேளு."

"மதி, சும்மா இருடி."

"கேளுக்கா! ஏ-ன்னா இவரு இல்ல, நான் எந்த இடுப்பு வலியும் இல்லாம பத்து வருஷம். பி-ன்னா இவரோட, இப்ப கீற மாதிரியே, தூக்கிகினு, கழுவிகினு பத்து வருஷம். கேளு!"

டேப்பில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. வாயால் கேட்டேன். "பி" என்றாள். எங்கள் முறைக்கு மாறாக, ஏ-க்குப் பதில் பி-யின் வருடத்தைக் குறைத்தேன். "பி அஞ்சு வருஷம்தான்?" "பி." "ரெண்டு வருஷம்?" "பி." "ஒரு வருஷம்தான், அதோட முடிஞ்சுது?" "பி!" கத்தினாள். "ஒரு மாசம்னாலும் பி, எழுதிக்கோ!"

இளங்கோ தலையை ஆட்டினார். "செல்லாது. ஆள எதிர்ல வெச்சுகினு எடுத்த அளவு செல்லாதுக்கா, ஒனக்கே தெரியும். நான் உக்காந்துகினு கீறேன், அவ வேற இன்னா சொல்லுவா? எல்லாமே பாஸுன்னு வந்தா கேஜு கோளாறு. ரிஜெக்ட் போடு."

அவர் சொன்னது எங்கள் சட்டப்படியும் சரிதான். மதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது. அவள் எதற்கோ துணிகிறாள் என்று தெரிந்தது.

"செல்லாதா? அப்ப செல்லறத சொல்றேன், கேட்டுக்கோ" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நீ ஐ.சி.யூ.ல இருந்தப்போ ரெண்டாம் நாளு டாக்டர் வெளிய வந்தாரு. பொழச்சாலும் எழுந்து நடக்க மாட்டாரும்மான்னு சொல்லிட்டுப் போனாரு. நான் அந்த வாசல்ல நின்னு இன்னா வேண்டிகினேன் தெரியுமா? எடுத்துக்கோ சாமின்னு வேண்டிகினேன். நீ கஷ்டப்படுவேன்னு இல்ல. எனக்காக. என்னால முடியாதுன்னு பயந்துகினு. அன்னிக்கு இந்தக் கேள்விய கேட்டிருந்தா ஏ சொல்லிருப்பேன். மறுநாளும் ஏ. அதுக்கு மறுநாளும் ஏ. மூணு நாளு. அப்பறம் நீ கண்ணத் தொறந்து, என்னப் பாத்து, 'கேஜு கீழ விழுந்துச்சே, யாராச்சும் எடுத்தாங்களா'ன்னு கேட்ட. அன்னிலேர்ந்துதான் பி. இத்த ஒனக்கு எப்டி சொல்றதுன்னு தெரியாமதான் எட்டு மாசமா உன் மூஞ்ச நேரா பாக்க முடியாம குளிப்பாட்டிகினு கீறேன். போதுமா? இது செல்லுமா?"

போச்சு, இவளே அவரைத் தள்ளிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு மனுஷன் கேட்கக் கூடாததை அவர் காதில் போட்டுவிட்டாள். கட்டிலைப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

பிறகு அவர் கேட்டார். "மூணு நாளா?"

"மூணு நாளு."

"நான் எட்டு மாசமும்னு நெனச்சேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் இரண்டு பேரும் இவர் பதிலுக்குப் பயந்து கிடந்தோம். இவர் அவள் பதிலுக்குப் பயந்து கிடந்திருக்கிறார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குளிப்பாட்டிய ஒவ்வொரு நாளும், இவளுக்கு வெறுத்துவிட்டது, கடமைக்குச் செய்கிறாள் என்று தனக்குள் குறித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் எத்தனை நல்ல வார்த்தை சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். கெட்டது ஒன்று கலந்து வந்த பிறகுதான் மனுஷனுக்கு அது உண்மை என்று பட்டது.

அவர் வலது கையால் இடது கையை மெதுவாகத் தூக்கி மடியில் வைத்தார். அது கிடந்த தலையணையை அவளை நோக்கித் தள்ளினார்.

"உறைக்குள்ள மாத்திர கீது. எடுத்துடு" என்றார்.

மதி அசையவில்லை. நான்தான் உறையை உருவினேன். ஓரத்தில், பழைய கைக்குட்டை ஒன்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். ஒற்றைக் கையாலும் பல்லாலும் அந்த முடிச்சைப் போட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவிழ்க்கக்கூட இல்லை, அப்படியே என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

மதி கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"காலைல நீ கதவ சாத்திகினு போற பாரு," என்றார், "அப்பறம் இந்த ஊட்ல நானும் நானும் மட்டும்தான். எனக்கு என்னைக் கண்டாலே பயமா கீது மதி. என்னைத் தனியா உட்டுட்டுப் போவாத."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூன்று பேரும் மனநல மருத்துவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மதி அவர் கையை விடவில்லை, டோக்கன் வாங்க நான்தான் எழுந்து போனேன்.